கொற்கைக் கடற்கரையும் ஒல்லாந்தர் பெறாத திருநெல்வேலியும்

1. முன்னுரை

அணியிலக்கண நூலார் உவமையை வகுக்குமிடத்து இல்பொருள் உவமை என ஒன்றைக் கூறுவர். உலகில் இல்லாத ஒன்றைப் புலவன் தன் கருத்தாற் படைத்து, அதனை உள்ள பொருளுக்கு உவமையாக்குவான். இல்லாததை உண்டென நிறுவுவது அவன் நோக்கமன்று. உள்ளதன் இயல்பைக் கற்பார்க்குத் தெளிவாக்குவதே நோக்கம். வரலாற்று ஆராய்ச்சியிலும் இதனையொத்த முறையொன்று உண்டு. நிகழ்ந்திருக்கக்கூடியதாய் நின்று, நிகழாதொழிந்த ஒன்றை எண்ணிப் பார்த்து, நிகழ்ந்ததன் காரணங்களை எடைபோடுவது அம்முறை.

எண்ணிப் பார்த்தல் எளிது. வரம்பின்றி எண்ணினால் அது கதையாய் முடியும். ஆகவே மூன்று வரையறைகளை முதற்கண் கொள்வோம். ஒன்று, நாம் மாற்றியெண்ணும் நிகழ்ச்சி அக்காலத்தவரே மெய்யாக எண்ணி ஏட்டில் எழுதியதாக இருத்தல் வேண்டும். இரண்டு, ஒரு நிகழ்ச்சியையே மாற்றுதல் வேண்டும்; ஏனையவற்றை இருந்தவாறே விடுதல் வேண்டும். மூன்று, சான்று துணைவரும் எல்லைவரையே செல்லுதல் வேண்டும். இவ்வரையறைகளுக்கு உட்பட்டு, 1781-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போகவிருந்த செய்தியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. துறை பெயர்ந்த வரலாறு

கொற்கை இன்று கடலினின்று சில கல் உள்வாங்கிய சிற்றூர். சங்கச் செய்யுட்கள் முத்துக்கும் சங்குக்கும் புகழ்ந்த பாண்டியர் துறைமுகம் இதுவே. பெரிப்ளூசு என்னும் கிரேக்க நூலும் தாலமியின் நிலநூலும் இதனைக் கொல்கி எனக் குறிக்கின்றன. இக்கடலில் முத்துக் குளிக்கும் தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று பெரிப்ளூசு கூறுவது குறிக்கத்தக்கது. கால்டுவெல் இவ்வூரில் அகழ்ந்து பழமையை ஆராய்ந்தார். 1968-69-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் மேற்கொண்ட அகழாய்வில் கிடைத்த பொருளொன்று, கரிமக் கணிப்பின்படி கி.மு. எட்டாம் நூற்றாண்டினது எனத் தெரியவந்தது.

இத்துணைப் பழமை வாய்ந்த துறையை எப்பகைவரும் அழித்திலர். பொருநையாறு கொணர்ந்த வண்டலே கடலை அப்பால் தள்ளியது. துறை கொற்கையினின்று பழையகாயலுக்குப் பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் அதுவே. பின்னர்ப் புன்னைக்காயல் தலையெடுத்தது, அதன்பின் தூத்துக்குடி. ஆகவே இக்கடற்கரையின் முதற் பாடம் ஆற்றிடமிருந்து கிடைக்கின்றது. அரசர் விரும்பும் இடத்தில் துறை நிற்பதில்லை. ஐரோப்பியர் வந்து போட்டியிட்டதும் இவ்வாறு இடம் பெயர்ந்துகொண்டேயிருந்த ஒரு கரைக்காகவே.

3. ஐரோப்பியர் வரவு

தமிழகக் கடற்கரையில் ஐரோப்பியர் முயற்சிகள் என்றால் ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் நினைவுக்கு வருவர். ஏனையோர் முயற்சிகள் அவ்வளவாக அறியப்படவில்லை. டேனியர் 1618-இல் இலங்கையை நாடிக் கப்பல் விடுத்து, அங்குக் கால் ஊன்ற இயலாமல், 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றனர். 1845-இல் அதனை ஆங்கிலரிடம் விற்றுச் சென்றனர். ஆஸ்டெண்டுக் கும்பினியார் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் சிறிது காலம் வாணிகம் செய்தனர். சுவீடன் நாட்டார் 1733-இல் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய பண்டகசாலையை ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் கூடிக் கெடுத்தனர். உள்நாட்டு அரசனின் இசைவும் கடல்வழிக் காவலும் ஒருங்கே வாய்க்காத முயற்சி நிலைபெறவில்லை என்பதை இவை காட்டும்.

முத்துக்குளித்துறையின் நிலை இவற்றினின்றும் வேறுபட்டது. இங்கு முதலில் வந்த போர்த்துக்கீசியர் படையெடுத்து நாடு பிடித்தவரல்லர். முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் தமக்குத் துணை வேண்டிக் கரையோரப் பரதவர் அவர்களை நாடினர். 1535 முதல் 1537 வரையுள்ள காலத்தில் பரதவர் பெருந்திரளாகக் கத்தோலிக்க சமயம் தழுவினர். 1542-இல் பிரான்சிசு சவேரியார் வந்தார். அவருக்குப்பின் அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூலை அச்சிட்டார். தமிழ் எழுத்து அச்சேறிய வரலாற்றில் இக்கரைக்குரிய பங்கு யாவரும் அறிந்ததே.

1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். இடையிடையே இழந்தும் மீண்டும் பெற்றும் 1825 வரை அவர்கள் அங்கு இருந்தனர். துணி வாணிகமும், வங்காளத்துக்குச் சங்கு ஏற்றுமதியும், முத்துச் சலாபமும் அவர்களுக்கு ஆதாயம் தந்தன. எனினும் அவர்கள் ஆட்சி கரையைத் தாண்டவில்லை. உள்நாடு மதுரை நாயக்கரிடமும், பின்னர் ஆர்க்காட்டு நவாப்பிடமும், உண்மையில் பாளையக்காரரிடமும் இருந்தது.

முத்துக்குளிப்பில் நிலவிய பங்கு முறை இதனைத் தெளிவாக்கும். குளியாளி கடலடி செல்லக் காலிற் பற்றும் கல்லைக் கொண்டே உரிமை அளக்கப்பட்டது. இத்தனை கல் என்றால் இத்தனை குளியாளிகளை வரியின்றி இறக்கலாம் என்பது பொருள். ஒல்லாந்தர் காலத்துக் கணக்கில் மதுரை நாயக்கருக்கு 96½ கல் உரிமை குறிக்கப்பட்டுள்ளது. சேதுபதிக்கும் பரதவர் தலைவர்க்கும் தனித்தனிப் பங்குகள் இருந்தன. கடலைக் காப்பவர் ஒல்லாந்தராயினும், அக்கடலின் விளைவில் அரைக்கல் வரை எண்ணிப் பங்கு கேட்கும் உரிமையாளர் கரையில் இருந்தனர்.

4. 1781-ஆம் ஆண்டு ஒப்பந்தம்

1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் ஐதர் அலியின் படை ஆங்கிலப் படையொன்றை முறியடித்தது. கருநாடகம் முழுவதும் கைவிட்டுப் போகுமோ என்னும் அச்சம் ஆங்கிலர்க்கு உண்டாயிற்று. படையுதவி எங்கிருந்து கிடைப்பினும் கொள்ளும் நிலையில் அவர்கள் இருந்தனர். அந்நிலையில் வாரன் ஹேஸ்டிங்சின் தலைமையிலிருந்த வங்காள ஆட்சியினர் ஒல்லாந்தருடன் ஓர் ஒப்பந்தம் வரைந்தனர்.

அதன் கூறுகள் வெளிப்படையானவை. ஒல்லாந்தர் 1,000 ஐரோப்பியக் காலாட்படையினரையும், 200 ஐரோப்பியப் பீரங்கிப் படையினரையும், 1,000 மலாய் வீரரையும் தருதல் வேண்டும். அதற்கு ஈடாகத் திருநெல்வேலிச் சீமை அவர்களுக்கு உரியதாகும். இராமேசுவரத்திற்குத் தெற்கே கடற்கரை முழுவதிலும் முத்துக்குளிப்பு அவர்களுக்கே தனியுரிமை. கொச்சிப் பகுதியில் நாடு பிடிக்கவும் அவர்களுக்குத் தடையில்லை.

சீமையின் பெயரளவு உரிமையாளர் நவாப்பு முகமது அலி. கொடுக்க முன்வந்தவர் ஆங்கிலர். பெறவிருந்தவர் ஒல்லாந்தர். பொருநைக் கரையில் உழுதவரையோ கடலில் குளித்தவரையோ ஒருவரும் கேட்டிலர். இரண்டாயிரத்து இருநூறு வீரர்க்கு ஒரு சீமை விலை என்று மதிப்பிடப்பட்டது.

இவ்வொப்பந்தம் நிறைவேறவில்லை. அதற்குக் காரணம் எவருடைய மன மாற்றமும் அன்று. 1780 டிசம்பரிலேயே ஐரோப்பாவில் இங்கிலாந்து ஒல்லாந்தின் மீது போர் அறிவித்துவிட்டது. கப்பல்வழி வந்த அச்செய்தி 1781 சூன் மாதத்தில் மெக்கார்ட்னி பிரபுவுடன் சென்னை சேர்ந்தது. நட்பாளராய் இருந்தோர் பகைவராயினர். சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும் ஆங்கிலர் வயப்பட்டன. நவம்பரில் நாகப்பட்டினமும் வீழ்ந்தது. வாய்ப்பெல்லாம் கடிதம் கடல் கடக்கும் ஆறு மாதத்தில் அடங்கியிருந்தது.

5. பாஞ்சாலங்குறிச்சியில் கிடைத்த ஏடு

இதே காலப்பகுதியைச் சார்ந்த மற்றோர் ஏடும் உண்டு. 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். அக்கோட்டையினுள், கொழும்பு ஒல்லாந்த ஆட்சியினருக்கும் கட்டபொம்ம நாயக்கருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் மூலப்படி கிடைத்ததாக அவர் 1787-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியுள்ளார். இக்கட்டபொம்ம நாயக்கர் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முன் பாளையத்தை ஆண்டவர்.

இவ்விரு ஏடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் வேண்டும். முதலாவது, அயலார் இருவர் தம்முள் ஒரு நாட்டைக் கைமாற்ற எழுதியது. இரண்டாவது, அந்நாட்டினர் ஒருவர் தம் பாளையத்தைக் காக்கத் துணை தேடி எழுதியது. முதலாவதில் ஒல்லாந்தர் நவாப்பின் இடத்தில் அமர விரும்பினர். இரண்டாவதில் நவாப்புக்கும் ஆங்கிலர்க்கும் மாறாக நின்ற ஒருவரோடு கைகோத்தனர். ஒரே கும்பினி, ஒரே கரை, ஏறத்தாழ ஒரே காலம். போர் மூண்டமையால் கட்சி மாறியது. தலைவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இந்நாட்டார்க்கு இல்லையென முதலேடு கருதியது. துணையைத் தேர்ந்துகொள்ளும் அறிவு அவர்க்கு இருந்ததை இரண்டாம் ஏடு காட்டுகின்றது.

6. நிகழ்ந்திருப்பின்

போர்ச் செய்தி ஓராண்டு தாழ்த்து வந்து, முதல் ஒப்பந்தம் நிறைவேறியிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? இதனைப் படை, கடல், மக்கள் என்னும் மூன்று நிலையில் வைத்து ஆராய்வோம்.

முதலாவது படை. ஒல்லாந்தர் உள்நாடு செல்ல முயன்ற வரலாறு முன்னரே உண்டு. 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் அவர்கள் தோற்றனர். 1760-இல் கொழும்பினின்று தூத்துக்குடியில் இறங்கிய ஒல்லாந்தப் படை ஆழ்வார்திருநகரி வரை சென்றது. யூசுப்கான் எதிர்த்து வருகின்றார் எனக் கேட்டுக் கரைக்கு மீண்டு கப்பலேறியது. ஆழ்வார்திருநகரி கொற்கைக்கு அணித்தேயுள்ள பொருநைக் கரை ஊர். அவர்கள் எட்டிய எல்லை அவ்வளவே. வீரர்களை ஐதருக்கு எதிரே வடக்கில் அனுப்பிவிட்டு, பாளையங்களிடம் வரி தண்ட எப்படையை வைத்திருப்பர்? நவாப்பின் ஆட்களே ஆங்கிலப் படையின்றி வரி தண்ட இயலாத சீமை அது. ஒப்பந்தம் கைக்கு வந்திருந்தாலும் சீமை கைக்கு வந்திராது.

இரண்டாவது கடல். முத்துக்குளிப்புத் தனியுரிமை பெரிய செல்வம் போலத் தோன்றும். முத்துச்சிப்பி கடலடிப் பார்களில் வளர்வது. சில ஆண்டு வளர்ந்த பின்னரே குளிப்புக்கு ஏற்றதாகும். அதற்கிடையே நீரோட்டம் மணலைக் கொணர்ந்து மூடுவதும், மீனும் உடுமீனும் குஞ்சுகளைத் தின்பதும் வழக்கம். எனவே சில ஆண்டு மிகுதியும் பல ஆண்டு வெறுமையும் இத்தொழிலின் இயல்பு. ஆங்கிலராட்சியில் 1830-க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தூத்துக்குடியில் குளிப்பே நடைபெறவில்லை. விடுதலைக்குப் பின் 1955 முதல் 1961 வரை குளிப்பு நடைபெற்றது. அதன்பின் அத்தகைய சலாபம் அமையவில்லை. மனிதர் தனியுரிமை எழுதிக்கொடுக்கலாம். விளைவை எழுதிக்கொடுக்க இயலாது. அன்றியும், கரையில் பழைய உரிமையாளர் வைத்திருந்த கல் கணக்கு ஓர் ஒப்பந்தத்தால் மறைந்திராது.

மூன்றாவது மக்கள். 1658-க்குப் பின் ஒல்லாந்தர் பரதவரைத் தம் சீர்திருத்தக் கிறித்தவத்துக்குத் திருப்ப முயன்றனர். பால்தேயுசு என்னும் குருவானவர் தூத்துக்குடி வந்து முயன்றும் பயன் விளையவில்லை. பரதவர் தம் கத்தோலிக்க வழிபாட்டை விட்டிலர். தூத்துக்குடியின் பனிமய அன்னை கோயில் இன்றுள்ள வடிவில் எழுந்தது 1713-இல். அஃதாவது ஒல்லாந்தர் ஆதிக்கம் அவ்வூரில் நிலவிய காலத்திலேயே. குளியாளியும் தோணிக்காரரும் இன்றிச் சலாபம் இல்லை என்பதை உணர்ந்த ஒல்லாந்தர், சாதித் தலைவரோடு இணங்கி நடந்தனர். ஒரு கடற்றெருவின் வழிபாட்டை மாற்ற இயலாதவர் ஒரு சீமையின் வாழ்வை மாற்றியிருப்பர் எனக் கொள்ளற்கில்லை.

7. எதிர்க்கரை என்னும் அளவுகோல்

ஈண்டு ஒரு தடை எழலாம். ஒல்லாந்தர் தமிழ் நாட்டுப் பகுதியொன்றை ஒருநாளும் ஆண்டிலரா? ஆண்டனர். மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்டனர். ஆகவே ஒல்லாந்தத் திருநெல்வேலி எவ்வாறு இருந்திருக்கும் என்பதற்கு யாழ்ப்பாணம் ஓர் அளவுகோலாகும்.

அங்கு நிலங்களும் உரிமையாளரும் தோம்பு என்னும் பதிவேட்டில் எழுதப்பட்டனர். கிளாசு ஐசாக்சு என்னும் அதிகாரி 1707-இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளைத் தேசவழமை என்னும் பெயரால் தொகுத்தார். தமிழ் முதலியார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஒப்பினர். ஆங்கிலரும் 1806-இல் அதனைச் சட்டமாக ஏற்றனர். அது யாழ்ப்பாணத் தமிழரிடையே இன்றும் வழக்கில் உள்ளது. கொழும்பில் அமைந்த ஒல்லாந்த அச்சகத்தில், தமிழரான பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759-இல் வெளிவந்தது. கந்தோர் என்னும் ஒல்லாந்தச் சொல் ஈழத் தமிழில் அலுவலகத்தைக் குறிக்க நிலைபெற்றது. இக்கரைத் தமிழிலோ துட்டு, கக்கூசு என்பன போன்ற சிலவே தங்கின. ஆட்சி உள்நாட்டிற் பரவிய இடத்துக்கும் பண்டகசாலையளவில் நின்ற இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொற்களே காட்டும்.

ஆயினும் இவ்வளவுகோலை அப்படியே வைத்தல் பொருந்தாது. யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கீசியர் 1619-லேயே வீழ்த்தியிருந்தனர். ஒல்லாந்தர் பெற்றது அரசு ஒழிந்த நாடு. திருநெல்வேலியிலோ கோட்டையும் படையும் உடைய பாளையங்கள் உயிரோடிருந்தன. தோம்பு எழுதுவதற்கு முன் போர் செய்தல் வேண்டியிருந்திருக்கும்.

இன்னும் ஒன்று. 1795-96-இல் ஆங்கிலர் இலங்கையின் ஒல்லாந்தப் பகுதிகளையெல்லாம் கைப்பற்றினர். தூத்துக்குடியும் 1795-இல் அவர் வசமாயிற்று. சிறு துறையாயிருந்தமையால் 1818-இல் அதனை ஒல்லாந்தரிடம் திருப்பித் தந்தனர். 1824-ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கையின்படி 1825-இல் மீண்டும் பெற்றனர். சீமை முழுவதும் ஒல்லாந்தருடையதாயிருப்பின் 1795-இல் பிடித்ததை ஆங்கிலர் திருப்பித் தந்திரார். இலங்கையை 1802-இல் அமியான்சு உடன்படிக்கையால் தமதாக்கியது போலவே இதனையும் தமதாக்கியிருப்பர். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறந்திருக்கும் கொடி மாறியிராது. அக்கொடியின் கீழ் வழங்கும் சட்டமும் நில ஆவணமும் மாறியிருத்தல் கூடும். வளைகுடாவின் இரு கரையும் ஒல்லாந்த வழிச் சட்டத்தால் ஒன்றுபட்டிருத்தலும் கூடும். இதற்கு அப்பால் செல்லச் சான்று இடந்தரவில்லை.

8. முடிவுரை

இவ்வாராய்ச்சியால் விளங்குவன இரண்டு. ஒன்று, 1781-இல் தவறிப்போனது பொன்னான வாய்ப்புமன்று, பெருந்தீங்கினின்று தப்பியதுமன்று. படையும் கடலும் மக்களும் அவ்வொப்பந்தத்துக்கு உடன்பட்டிருக்கவில்லை. சீமையின் போக்கை உறுதி செய்த காரணங்கள் ஏட்டில் கையொப்பமிட்டோர் கையில் இருந்ததைக் காட்டிலும் பாளையங்களிலும் பார்களிலும் கடற்றெருக்களிலும் மிகுதியாக இருந்தன.

மற்றொன்று, நம் கடமை பற்றியது. முதலேட்டின் கூறுகளை ஆங்கிலர் எழுதிவைத்தமையால் அறிகின்றோம். இரண்டாம் ஏடு நம் நாட்டுக் கோட்டையொன்றினுள் இருந்தது. அதனைப் பற்றியும் கைப்பற்றியவர் எழுதிய குறிப்பைக் கொண்டே பேசுகின்றோம். இந்நிலை மாறுதல் வேண்டும். ஒல்லாந்தக் கும்பினியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003-இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அவற்றின் பகுதிகள் சென்னை ஆவணக் காப்பகத்திலும் கொழும்பிலும் ஒல்லாந்திலும் உள்ளன. தமிழ் முதுகலை மாணவர் சிலரேனும் பழைய ஒல்லாந்த மொழியைக் கற்று, அவ்வேடுகளைக் கடற்கரைச் செப்பேடுகளோடும் ஓலைகளோடும் ஒப்பிட்டுப் படித்தல் வேண்டும்.

கொற்கையில் கடல் விலகியதை மண்ணடுக்கு சொல்லிற்று. தோண்டினவர்க்கே அது சொல்லிற்று. பாஞ்சாலங்குறிச்சியார் கொழும்புக்கு என்ன எழுதினர், எவ்வுறுதி பெற்றனர், எதனை விட்டுக்கொடுக்க மறுத்தனர் என்பனவும் தேடினவர்க்கே வெளிப்படும். இல்பொருளை எண்ணியதன் பயன், உள்பொருளை நோக்கி நம்மை இவ்வாறு செலுத்துவதேயாகும்.